இரண்டு நிமிடக் கணவர்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இந்த வீட்டில் பொய் சொல்லும் வேலையை உங்கள் தங்கை தினமும் சாயங்காலம் ஆங்கிலத்தில் செய்துவருவதால், நானாவது உண்மையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்காக அவள் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குத் தயாராவது உங்களுக்குத் தெரியும். தேறினால் முதலில் அவள் மட்டும் போவாள், நான் பிறகு என்று பேச்சு. நானும் பெரிய மனதோடு சரி என்றேன். அன்றிலிருந்து வீடு முழுக்கக் காகிதத் துண்டு. கண்ணாடியில் ஒரு வார்த்தை, பிரிட்ஜில் ஒரு வார்த்தை, தலையணை உறையில்கூட ஒன்று. ஒருநாள் என் சட்டை முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு, அதோடு நான் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போய், லிஃப்ட் மேல் ஏறி கம்பிக்கு கிரீஸ் போட்டு இறங்கி, அந்தக் கட்டடத்து மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அந்த மனுஷன்தான் பிடுங்கிக் கொடுத்தார். 'ரிலக்டன்ட்' என்று எழுதியிருந்தது. எதற்கும் மனமில்லாதவன் என்று அர்த்தமாம். தவறி ஒட்டிக்கொண்டது என்கிறாள் உங்கள் தங்கை. நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அது போகட்டும். தேர்வில் ஒரு அட்டையைக் கொடுத்து, அதில் உள்ள விஷயத்தைப் பற்றி இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசச் சொல்வார்களாம். பயிற்சி கொடுக்கிற மிஸ், "உண்மையா பொய்யான்னு யாரும் பார்க்க மாட்டாங்க, தடுமாறாம பேசுறீங்களான்னுதான் பார்ப்பாங்க, சும்மா அடிச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டார். இவளும் அடித்து விடுகிறாள் மச்சான்! 'உங்களோடு வசிக்கும் ஒருவர்' என்று ஒரு அட்டை. அதற்கு ஒரு கணவரைத் தயார் செய்திருக்கிறாள். அவர் காலையில் எழுந்து டீ போட்டு இவளை எழுப்புவாராம். நைட் டியூட்டி முடிந்து வந்தால் வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டு, "ஆர் யூ டயர்ட்?" என்று கேட்பாராம். இவள் பேசும்போது குறுக்கே டிவி சத்தத்தைக் கூட்ட மாட்டாராம். இதையெல்லாம் யார் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது? நான்தான். நான்தான் எக்ஸாமினர். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற வெளிச்சத்தை எங்கள் கல்யாண ஆல்பத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எனக்கும் ரோஷம் இருக்கிறது இல்லையா? ஒருநாள் அவளுக்கு முன்னால் எழுந்து டீ வைத்தேன். பால் பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்து, பாத்திரம் அடிப்பிடித்து, எதிர்வீட்டுக்காரர் என்னமோ கருகுகிறது என்று கதவைத் தட்டி, அவள்தான் கடைசியில் எல்லோருக்கும் டீ போட்டாள். இன்னொரு நாள் அவள் டியூட்டியிலிருந்து வந்ததும் வாசலில் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆர் யூ டயர்ட்?" என்றேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அது எக்ஸாமினர் கேக்குற கேள்வி இல்லீங்க, கார்டுல இருக்குறத மட்டும் கேளுங்க" என்று உள்ளே போய்விட்டாள். வாசலில் நின்றவன் அப்படியே நின்றேன்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன் மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. நான் விசா வாங்கிப் போய்ச் சேர எத்தனை நாளாகுமோ. அந்த இரண்டு நிமிட ஆளுக்கு விசாவே வேண்டாம், இவளோடு விமானத்தில் ஏறிவிடுவான். நாளைக்குத் தேர்வு. அவள் பறந்து போவதற்குள் நீங்கள் ஒரு நடை வந்து, அண்ணன் என்ற முறையில் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும்: நீ வேலைக்குப் போறியா, இல்ல இவரை விட்டுப் போறியா? நான் கேட்டால் எக்ஸாமினர் கேட்கக் கூடாது என்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்த மொழியிலும் பொய் சொல்லாமல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் அவள் தேர்வு முடிந்து வந்துவிட்டாள். நீங்கள் வர வேண்டாம். அதே அட்டைதான் வந்ததாம். "அந்த டீ போடுற ஆளு வரவே இல்லீங்க. வாயத் தொறந்தா ஒரு வார்த்த வரல. உங்க மூஞ்சிதான் வந்துச்சு" என்றாள். அப்புறம் வந்ததாம் பாருங்கள் ஆங்கிலம்! கட்டிலில் ஈரத் துண்டு, கரண்டி டிராயரில் ஸ்பேனர், டிவி சத்தம், கருகிய பால் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். கடைசியில், யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் கதவு திறக்கிற வரைக்கும் நான் வெளியே நின்று, "பயப்படாதீங்க, நான் இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன் என்றும் சொன்னாளாம். எக்ஸாமினர் போதும் என்று கை காட்டியும் நிறுத்தவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், "அங்க போய் நான் மாட்டிக்கிட்டா, யாருங்க வெளிய நின்னு பேசுவாங்க?" என்று கேட்டாள். நான் அவள் பையை வாங்கிக்கொண்டேன், மச்சான்.