நிப்பாட்டியாரும் பதினெட்டுத் தொன் பெட்டியும்

திருகோணமலையில் எந்தப் பொறுமைசாலியையும் கல்லெடுக்க வைக்கக்கூடிய மனிசன் ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் அலுவலகத்திலேயே வந்து வாய்த்தார். துறைமுகத்தடியில் சரக்கு ஏற்றி இறக்குகிற சின்ன அலுவலகம் அது. அவர் கணினி திருத்துகிறவர். பெயர் ஆருக்கு வேணும்? அடிக்கடி வேலையை நிப்பாட்டி வைக்கிறதால் எல்லாருக்கும் அவர் நிப்பாட்டியார்.

எந்தப் பெட்டி எத்தனை தொன் என்று கிரேன்காரருக்கு அச்சடித்துக் கொடுக்கிற புரோகிராம் ஒரு கிழட்டுக் கணினியில்தான் ஓடும். அதன் மெமரியில் ஒரு எண் பிசகினாலும் தானே சோதித்துப் பிடித்து, 'பரிட்டி பிழை' என்று திரையில் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். வெளியே லொறிகள் ஹோன் அடித்துக் காதைப் பிளக்கும். இவரோ ஆறுதலாகப் பழுதான சிப்பைக் கழற்றி, "பொய்காரா!" என்று ஏசி, பாக்குவெட்டியால் நறுக்குவார். முழுசாய் விட்டால் எவனாவது திரும்பப் பூட்டிவிடுவானாம்.

மனிசரிடமும் அதே சோதனைதான். "வீட்டில என்ன கறி?" என்று காலையில் கேட்பார். மத்தியானம் திரும்பக் கேட்பார். மறுமொழி மாறினால் அன்றைக்கு நீங்கள் சொல்கிற ஒன்றையும் நம்பமாட்டார். விசர் பிடிக்கும் எனக்கு!

ஒருநாள் காலையில் மட்டும் கணினி மூன்று தரம் நின்றது. அவருக்கு உதவியாள் நான். மனேச்சர் என்னில் பாய்ந்தார்.

"ஐசே, உந்தப் பரிட்டிச் சோதனையை எடுத்து விடும். கப்பல் காத்துக்கொண்டு நிக்குது!"

நிப்பாட்டியார் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து எடுத்துவிட்டேன். இந்தக் கையாலதான். கணினி நிற்கவேயில்லை. அச்சடித்த தாளும் கிரேனடிக்குப் போய்விட்டது.

திரும்பி வந்தவர் முகம் கறுத்தது. "இது ஏன் இண்டைக்கு நிக்கேல்லை?"

பிரதித் தாளைப் பறித்து, கப்பல்காரர் தந்த பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தார். சிப்புக்குள் பதினாறைக் காட்டுகிற ஒரேயொரு குறி அழிந்ததில், பதினெட்டுத் தொன் பெட்டி இரண்டு தொன்னாகியிருந்தது. செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

கிரேன் சரியத் தொடங்கியிருந்தது. கீழே கயிறு பிடித்து நின்றது என் தங்கச்சியின் புருஷன்.

"இறக்கடா! இறக்கு!" என்று நிப்பாட்டியார் கிரேன்காரரைப் பார்த்துக் கத்தினார். "மச்சான், விலத்தி ஓடும்!" என்று நான் கத்தினேன்.

பெட்டி இறங்கியது. மச்சானுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பிறகு நடந்ததுதான் என் வயிறு இன்றைக்கும் எரிகிற கதை. கப்பல்காரருக்கு முன்னால் கத்தி மானத்தை வாங்கிவிட்டாராம்! மனேச்சர் அவரை வேலையால் நிப்பாட்டினார். நான் வாய் திறக்கவில்லை. தூ!

சோதனையை அன்றைக்கே திரும்பப் போட்டுவிட்டேன். இப்போது கணினி நின்றால் எல்லாரும் ஏசுவது என்னைத்தான்.

நிப்பாட்டியார் இன்னும் காலையில் எனக்குப் போன் எடுப்பார். "மச்சான் எப்பிடி இருக்கிறார்?" மத்தியானமும் அதே கேள்வி. ரெண்டு தரமும் "ஓம், சுகமாய் இருக்கிறார்" என்று மாறாமல் சொல்லுவதற்காகவே நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.