ஒண்டிமுத்துவின் முழு விருப்பம்

மலைகளுக்கு நடுவே தூவானம் என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு அரசர் குடிகளை எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை. விரும்புகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எதையும் செய்வார். ஒரு வருஷம் அவருக்கு வெண்நார்ச் செடிமேல் ஆசை வந்தது. வெளிதேசங்களில் அதன் நாரை ஆடையாக நெய்கிறார்களாம். உழவர்களின் மனப்பாங்கை அளந்து வர, விருப்ப அளவர்கள் ஊர் ஊராகப் புறப்பட்டார்கள்.

அளவர் பூவாயியின் காட்டுக்கு வந்தபோது கேழ்வரகு கதிர் வாங்கியிருந்தது. அவள் புருஷன் ஒண்டிமுத்து கடைசியாக விதைத்த வெள்ளாமை அது. வருஷம் முழுக்க அவளுக்குச் சோறும் அதுதான். அறுக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. நிலம் அவன் பெயரில் இருந்ததால் அவனுடைய எண்ணத்தைத்தான் அளவர் கேட்டார்.

“அவரு செத்து நாப்பது நாளாச்சுங்க.”

“வருந்தத்தக்கது. வெண்நார்ப் பயிருக்கு அவர் எதிர்ப்பு ஏதும் தெரிவித்தாரா?”

“செத்தவரு என்னத்தங்க தெரிவிப்பாரு?”

அளவர் ஏட்டில் ‘முழு விருப்பம்’ என்று எழுதிக்கொண்டார்.

தண்டை இருபது நாள் தண்ணீரில் அழுகவிட்டால்தான் நார் உரியும், குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் எங்கே கொண்டுபோய் ஊறப்போடுவது என்று பக்கத்துக் காட்டு மாரப்பன் கேட்டிருந்தான். அது ‘ஆர்வம் மிக்க ஐயம்’ ஆயிற்று. இன்னொருவன் வாயில் வந்தபடி திட்டினான். அது ‘உணர்ச்சிப் பெருக்கு’. சும்மா இருந்தவர்களுக்கு ‘மனநிறைவு’.

பூவாயிக்குக் குழம்பிவிட்டது. ஒருவேளை புருஷன் நிஜமாகவே விரும்பியிருப்பாரோ? புது மிளகாய் விதை என்று எவனோ கொடுத்ததை ஒருத்தரையும் கேட்காமல் நட்டுவிட்டு வந்து நின்றவர்தானே. கோணிச் சாக்கைத் தடவிப் பார்த்து, நல்ல நார் என்று ஒருநாள் சொன்ன மாதிரியும் இருந்தது. சொன்னாரா, அல்லது அளவர் வந்துபோன பிறகு தனக்கே அப்படித் தோன்றுகிறதா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அளவரின் கச்சேரிக்கு நடந்துபோய், தனக்கு விருப்பமில்லை என்று சொன்னாள். மனைவிக்கு ஏட்டில் கட்டம் கிடையாதாம். ஆனாலும் அளவர் இரக்கமுள்ளவர். ஒண்டிமுத்துவின் பக்கத்தை விரித்துப் படித்துக் காட்டினார். குளத்துக்குப் பூட்டுப் போடவும், புது வரி கட்டவும், அரசர் இன்னும் பத்தாண்டு ஆளவும் அவன் இதற்குள் சம்மதித்திருந்தான்.

பூவாயி ஏட்டை எட்டிப் பார்த்தாள்.

“என்னையப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காருங்களா?”

அளவர் பொறுமையாகத் தேடினார். “தம் மனையாளுக்கு மாற்றுக் கருத்து எதிலும் இல்லை என உறுதியளித்திருக்கிறார்.”

“அப்படியா சொன்னாரு” என்று முனகிக்கொண்டே அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

மூன்றாம் நாள், கேழ்வரகை உழுதுவிட்டு வெண்நார் விதைக்க ஏர்கள் வந்தன. கேழ்வரகுக்கு முன்னால் கையை விரித்து மறித்து நின்றாள். அளவர் கோபப்படவில்லை.

“புருஷன் வாக்கை மீறலாமா அம்மா?” என்றுதான் கேட்டார்.

அவள் பச்சைக் கதிரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த ஏட்டைப் பார்த்தாள். இரண்டுமே புருஷன் போட்டதுதானோ என்று அந்த நேரத்தில் இருந்தது. ஒதுங்கி வழி விட்டாள்.

அந்த வாரமே நாடெங்கும் பறையறைந்தார்கள். வெண்நாரை விரும்பிய உழவர்களின் தொகை, நாட்டிலுள்ள உழவர்களின் தொகையைவிடக் கூடுதல். குடிகளின் இத்தனை அன்பைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்று அரசர் கண்கலங்கினாராம். அந்தக் கூடுதல் உழவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.