ஊரைத் தேய்த்தவன்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் எழுத்துகள் மழைக்கு ஒதுங்கிய ஆட்களைப் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மூன்று ‘ன’வில் எது எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துமதிப்புத்தான். மகள் திருத்தி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். இதில் நடந்த அழிவு அத்தனைக்கும் என் எழுத்தைப் பற்றி எனக்கிருந்த வெட்கம்தான் காரணம். ஆகவே வெட்கத்தோடு நானே எழுதுகிறேன். (கண் மங்கியவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளவும்.)

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால் ஒட்டுகிற மரண அறிவித்தல் நோட்டீசில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: ‘இந்தியா, இன்ன மாவட்டம், இன்ன ஊரைப் பூர்வீகமாகவும், இன்ன தோட்டத்தை வசிப்பிடமாகவும் கொண்ட.’ அந்த ஊரை இறந்தவரும் பார்த்திருக்க மாட்டார், அவருடைய அப்பாவும் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அந்த வரி இருக்க வேண்டும்.

எங்கள் அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் வத்தேகம பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனால் நோட்டீஸ் ஒட்டிய சுவருக்கு முன்னால் நின்றுவிடுவார்.

“யாருடா போனது?”

“மேல் டிவிஷன் ராமையா தாத்தாப்பா.”

“ஊரு போட்டிருக்கா?”

“போட்டிருக்குப்பா. நாமக்கல் பக்கமாம்.”

“ம்.”

அந்த ‘ம்’முக்கு எனக்கு அர்த்தம் தெரியும். எங்கள் தாத்தா இறந்தபோது போட ஊர் இல்லை. யாரோ யோசனை சொல்லி ‘இந்தியாவைப் பூர்வீகமாகக் கொண்ட’ என்று அடித்துவிட்டார்கள். சாவு வீட்டிலேயே ஒருவர், “பெரிய குடும்பந்தான், முழு இந்தியாவும் இவங்களோடதாம்ல” என்று சொல்லிவிட்டார். அப்பா அதை மறக்கவில்லை. “என் நோட்டீசிலயாச்சும் ஒரு ஊரு பேரு வரணும்டா” என்பார். சொத்து, வீடு எதுவும் கேட்காத மனிதர். ஒரு ஊரின் பெயரைத்தான் கேட்டார்.

ஊர் தெரியாமல் போனதற்குக் காரணம் என் பூட்டன், அதாவது அப்பாவின் தாத்தா. கப்பலேற்றுமுன் ஆட்களைத் தங்கவைத்த முகாமில் வாந்திபேதி வந்து அவருடைய அப்பாவும் அம்மாவும் இறந்துபோனார்கள். ஐந்து வயதோ ஆறு வயதோ இருந்த பையனை மற்ற ஆட்களோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். வந்து சேர்ந்த பிறகு ஊர் எது என்று கேட்டால், “வீட்டுக்குப் பின்னால எருமை நிக்கும்” என்றாராம். அதை வைத்து எந்த ஊரைக் கண்டுபிடிப்பது?

அந்தப் பையனின் கழுத்தில் கயிற்றில் கட்டிய ஒரு தகர வில்லை இருந்தது. அந்தக் காலத்தில் கூட்டிவந்த ஆட்களுக்கு எண் குத்திக் கட்டிவிடும் வில்லை. ஒரு எழுத்து, நான்கு எண். அதைப் பூட்டன் தாத்தாவிடம் கொடுத்து, தாத்தா அப்பாவிடம் கொடுத்து, அப்பா பிஸ்கட் டின்னுக்குள் துணி சுற்றிச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் எடுத்து விபூதி பூசி, கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு வைப்பார். சில நாள் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இனி என்னைப் பற்றி. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் கடை ஒன்றின் பின்பக்கத்தில், துணிச் சக்கரம் சுற்றுகிற மெஷினில் விளக்குகளுக்குப் பொலிஷ் போடுவதுதான் வேலை. காலையில் மனிதனாகப் போய் மாலையில் அடுப்புக்கரியாகத் திரும்புவேன். யாரோடும் பேச்சு வராது. மெஷின் சத்தத்தில் அது யாருக்கும் தெரியாது என்பதால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் குத்துவிளக்கு வாங்க ஒரு அம்மா வந்தார். கெம்பஸில் படிப்பிக்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று சிங்கள முதலாளி என்னைக் கூப்பிட்டார். கரிமுகத்தோடு போய் நின்றேன். விளக்கின் விலையைக் கேட்டு முடித்துவிட்டு,

“நீங்கள் எந்த இடம்?” என்றார்.

“வத்தேகம, மிஸ்.”

“அதுக்கு முந்தி?”

“அதுக்கு முந்தி கண்டியில பஸ் மாறணும், மிஸ்.”

(முதலாளி கூடச் சிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று யார் சொன்னது!)

“அப்பிடியில்லை தம்பி. உங்கட ஆக்கள் இந்தியாவில எந்த ஊர் எண்டு கேட்டனான்.”

தெரியாது என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வாக்கியம் அதிகமாகப் பேசினேன்: “அப்பாட்ட ஒரு தகர வில்லை இருக்கு, மிஸ்.”

மிஸ் விளக்கைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் கப்பலேறிய ஆட்களைப் பதிந்த பழைய பேரேடுகள் சிலவற்றின் படங்கள் தன்னிடம் இருப்பதாகவும், வில்லையின் எண் தெரிந்தால் ஊரைத் தேடிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். “கிடைக்கும் எண்டு சொல்லேலாது. ஆனா பாக்கலாம். நாளைக்கு நம்பரை ஒரு பேப்பரில எழுதிக்கொண்டு வாங்கோவன்.”

எழுதிக்கொண்டா! படித்த மனுஷியின் கையில் என் எழுத்தா! “வேணாங்க மிஸ். நீங்களே வந்து நேர்ல பாருங்க” என்றேன். ஒரு எழுத்தும் நான்கு எண்ணும் எழுதப் பயந்த மனிதனை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? நான்தான்.

“ஓம், அப்ப வாற ஞாயிறு வாறன்.”

அன்றிலிருந்து, வரிசை வீடுகளான எங்கள் லயம் கல்யாண வீடானது. அப்பா வெயிலில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டார். என் மனைவி செல்வி பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவிடம் இரண்டு கதிரை இரவல் கேட்டுவைத்தாள். “ஊரு பேரு சொன்ன ஒடனே எழுதிக்கடா, மறந்துறப் போறோம்” என்று அப்பா தினமும் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் டின்னைத் திறந்து பார்த்தேன். வில்லை கன்னங்கரேல் என்று இருந்தது. நூறு வருடத்து விபூதி, குங்குமம், வேர்வை. சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய இடத்து மிஸ் வந்து இந்த அழுக்கையா பார்ப்பது? மகன் கண்டிச் சீமைக்கே பொலிஷ் போடுகிறான், வீட்டில் பூட்டன் இப்படிக் கிடக்கலாமா? மெதுவாக மடியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பித்தளை சக்கரத்தைத் தாங்கும். மெல்லிய தகரம் தாங்காது. பத்து வருடம் அந்த வேலை செய்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் மேலே இருந்த கறுப்பு போனதும் கீழே பளிச்சென்று ஒன்று தெரிந்தது பாருங்கள், அதில் மயங்கிவிட்டேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்தேன். எடுத்துப் பார்த்தால் வெள்ளி மாதிரி மின்னியது. ஊர் இருந்த இடத்தில் என் மூஞ்சி தெரிந்தது.

ஒருவேளை எண் மறுபக்கத்தில் இருக்குமோ என்று மறுபக்கத்தையும் தேய்த்தேன். (இதை இதுவரை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.)

கூட வேலை செய்த அக்குறணை நவாஸ் நானா மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

“என்ன தம்பி இது, கண்ணாடியா?”

சொன்னேன்.

“யா அல்லாஹ். நம்பர எங்கயாச்சும் எழுதி வெச்சீங்களா?”

“இல்ல நானா.”

சின்ன உளி ஒன்றை எடுத்தார். “ஏதாச்சும் ஒரு நம்பரக் குத்திட்டா என்ன? அந்த மிஸ்ஸுக்குத் தெரியவா போகுது?”

உண்மையைச் சொல்கிறேன், உளியைக் கையில் வாங்கிவிட்டேன். என்ன எண் குத்தலாம் என்றுகூட யோசித்தேன். பிறகு, அந்த எண்ணுக்கு யாராவது ஒருவர் இருப்பாரே, அவருடைய ஊர் எங்களுக்கு வந்துவிடுமே என்று தோன்றியது. உளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து வில்லைக்குச் சந்தனத்தையும் கரியையும் குழைத்துப் பூசித் துணியில் சுற்றி வைத்தேன்.

ஞாயிறு. மிஸ் வந்தார். கதிரையில் உட்கார்ந்தார். அப்பா புதுச் சாரம் கட்டிக்கொண்டு வந்து, டின்னைத் திறந்து, வில்லையை எடுத்து, பழக்கத்தில் கட்டைவிரலால் தடவினார். விரல் வழுக்கியது. மறுபடி தடவினார்.

“இது நம்ம வில்லை இல்ல.”

மறுபக்கத்தையும் தடவிப் பார்த்தார்.

“எவனோ மாத்திட்டான்! மிஸ் வர்றது தெரிஞ்சு எவனோ எடுத்துட்டு வேற தகரத்த வச்சிட்டான்!”

லயமே வாசலில் கூடிவிட்டது. அப்பா எழுந்து நின்றார். “செல்வி, கற்பூரத்தக் கொளுத்து. ஒவ்வொருத்தரா வந்து அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும்!”

மாரியாயி அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கதிரையும் குடுத்துட்டுக் களவாணிப் பட்டமும் வாங்கணுமா நானு? இந்தா பண்றேன் சத்தியம்!” எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தார். செல்வி இன்னொன்றைக் கொளுத்தினாள். அடுத்த வீட்டுக்காரர் அடித்தார். மிஸ் ஒன்றும் புரியாமல் பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை நகர்ந்து நகர்ந்து என்னிடம் வந்தது.

கையைத் தூக்கினேன். இறக்க முடியவில்லை.

“நாந்தாம்ப்பா. தேச்சேன்.”

“என்னத்தடா தேச்ச?”

“அழுக்கத்தான் தேச்சேன். ஊரும் சேந்து போயிருச்சு.”

செல்விதான் முதலில் வாயைத் திறந்தாள். “வீட்டுல ஒரு சட்டி தேச்சுக் குடுத்ததில்ல இந்த மனுசன்!”

யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை. வில்லையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார். “எங்க பாட்டன் அம்மாவும் இல்லாம அப்பாவும் இல்லாம இது ஒண்ணோட வந்தாருடா” என்றார்.

மிஸ் கதிரையை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “ஐயா, நம்பர் ஞாபகம் இருக்கோ?”

“வாசிக்கத் தெரியாதும்மா. கைக்குத்தான் தெரியும்.”

“அப்ப கை சொல்லட்டுமே.”

செல்வி விபூதித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் மெதுவாக விபூதியில் வரைந்தார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகத் தடவிய விரல். கொக்கி மாதிரி ஒரு எழுத்து. அப்புறம் ஒரு எண், இன்னொரு எண்.

நான்கு எண்ணில் இரண்டு தெளிவாக வந்தன. மூன்றாவது, வாலோடு ஒரு வட்டம். ஆறா, ஒன்பதா?

“ஐயா, கையில வச்சுத் தடவுவீங்களோ, கழுத்தில மாட்டிக்கொண்டு தடவுவீங்களோ?” கழுத்தில் கிடப்பதைத் தூக்கித் தடவினால் தலைகீழாக அல்லவா இருக்கும்.

“ரெண்டு மாதிரியுந்தாம்மா.”

நான்காவது, ஒரு கோடு. மேலே சின்ன மடிப்பு இருந்ததா இல்லையா என்று விரலுக்கே சந்தேகம். ஒன்றா, ஏழா? ஆகமொத்தம் நான்கு விதமான நம்பர் வந்தது. மிஸ் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினார். “நீங்களும் ஒருக்கா எழுதி வையுங்கோ.” அவ்வளவு பேருக்கு முன்னால், கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். என் எழுத்தைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து மிஸ் வந்தார். நான்கில் ஒரு நம்பர் இருந்த பக்கத்தைச் செல் அரித்துவிட்டதாம். மற்ற மூன்றுக்கும் ஊர் கிடைத்தது. ஒன்று திருச்சிப் பக்கம் மருதம்பட்டி, ஒன்று சேலம் பக்கம் ஏரிக்காடு, ஒன்று ராமநாதபுரம் பக்கம் கல்லுப்பட்டி.

“எது உங்கட எண்டு சொல்லேலாமல் கிடக்கு ஐயா. மூண்டு குடும்பத்திலயும் ஒரு சின்னப் பையன் இருக்கிறான்.”

அப்பா மூன்று பெயரையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, “மூணையும் வச்சுக்கிறோம்மா. எந்தப் பையன வேணாம்னு சொல்றது?” என்றார்.

அதன்பிறகு டீவியில் தமிழ்நாட்டுச் செய்தி போனால் யாரும் பேசக் கூடாது. சேலத்தில் வெயில் என்றால், “நம்ம ஊர்ல குடிக்கத் தண்ணி இருக்குமாடா?” திருச்சியில் வெள்ளம் என்றால், “நம்ம ஊரு தாழ்வா, மேடா?” ராமநாதபுரத்தில் மழையில்லை என்றால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. ஒரு ஊர்கூட இல்லாதவருக்கு மூன்று ஊர்க் கவலை. மூன்றில் ஒன்றுக்கும் அவர் போகவில்லை. கூட்டிப்போக என்னிடம் வசதியில்லை.

போன வருடம் அப்பா போய்விட்டார். கண்டியில் நோட்டீஸ் அடிக்கிற தம்பி, என் தாளை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணே, ஒரு ஆளுக்கு மூணு ஊரா?”

“ஆமா. போடுங்க.”

“எழுத்து சின்னதாத்தான் வரும்.”

“வரட்டும்.”

ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் முன்பின் தெரியாத ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பஸ் ஸ்டாண்டுல நோட்டீசப் பாத்தேங்க. நாங்களும் மருதம்பட்டிதான்” என்றார். இன்னொரு குடும்பம் வேறு தோட்டத்திலிருந்து மாலையோடு வந்தது. கல்லுப்பட்டியாம். சாயங்காலம் ஏரிக்காட்டுக்காரர் ஒருவர் வந்து, தூக்கிப்போன பிறகு வந்துவிட்டேனே என்று அழுதார். மூன்று வகையில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள். அதில் இரண்டு வகை கட்டாயம் தப்பு. எது தப்பு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

வில்லை மறுபடி துருப்பிடித்துக் கறுத்துவிட்டது. சாமிப் படத்துக்குக் கீழே இருக்கிறது. நான் தொட அனுமதியில்லை. நான் வீட்டில் எதையாவது துடைக்கத் துணியை எடுத்தால் போதும், அது விளக்கானாலும் செருப்பானாலும், அடுப்படியிலிருந்து செல்வியின் குரல் வரும்: “ரொம்பத் தேய்க்காதீங்க, ஊரு போயிரும்!” மகளும் அதையே சொல்கிறாள். போனவாரம் அவளுடைய சின்ன மகனும் சொன்னான். அவனுக்கு என்ன கதை என்று தெரியாது. தெரியட்டும் என்றுதான் இதை எழுதினேன்.

அந்த நான்கு நம்பரையும், மூன்று ஊர்ப் பெயரையும் அடுத்த பக்கத்தில் தனியாக எழுதியிருக்கிறேன். பென்சிலில் இல்லை, பேனாவில்.

வத்தேகம,
ஞாயிற்றுக்கிழமை, 2025 பெப்ரவரி 16.