தாமதமாகாத ஐந்து நாற்பது வண்டி

ரயிலைப் பற்றித் தன் அப்பாவுக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை என்று என் மகள் வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். என் தொல்லை அங்கேதான் தொடங்கியது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ரயில் நிலையத்தில் நான் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்வது என் உத்தியோகம். பன்னிரண்டு வருட சர்வீஸ். நான் வாயைத் திறந்தால் ஐந்நூறு பேர் பெட்டியைத் தூக்குவார்கள், வாயை மூடினால் கீழே வைப்பார்கள். வீட்டில் அந்த அளவுக்கு மரியாதை கிடையாது என்றாலும் மகள் மட்டும் என்னை ரயில்வேயின் சொந்தக்காரனாகவே நினைத்து வந்தாள். நானும் மறுத்ததில்லை. மறுக்க எனக்கென்ன பைத்தியமா?

ஒரு சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு ஊர்களுக்கு நடுவே முந்நூறு கிலோமீட்டர். இந்த ஊரிலிருந்து ஒரு வண்டி மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதே நேரத்தில் அந்த ஊரிலிருந்து இன்னொரு வண்டி தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வருகிறது. இரண்டும் எப்போது சந்திக்கும்?

எனக்கு வியர்த்துவிட்டது. வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் சொல்வேன். என் மேஜையில் தாளில் எழுதி வைத்திருப்பார்கள். நடுவழியில் அதுகள் எங்கே சந்தித்துக்கொள்கின்றன என்பது அதுகளின் சொந்த விஷயம்.

"ஒரே தண்டவாளமா, ரெண்டு தண்டவாளமா?" என்று கேட்டேன்.

"அது போடலைப்பா."

"அப்ப கணக்கே தப்பு. ஒரே தண்டவாளத்துல ரெண்டு வண்டிய எதிரெதிரே விட்டா ஸ்டேஷன் மாஸ்டருக்கு வேலை போயிடும். எழுதிக்கோ."

அவள் எழுதிக்கொண்டாள். மறுநாள் அதற்குக் கீழே டீச்சர் சிவப்பு மையில் பதில் எழுதி அனுப்பியிருந்தார். பாடப்புத்தகத்தில் உள்ள பத்து ரயில் கணக்குகளையும் அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அடுத்த வாரம் போய் அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, மொத்த வகுப்புக்கும் முன்னால் கரும்பலகையில் மகள் போட்டுக் காட்ட வேண்டுமாம்.

மகள் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தாள். அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வெள்ளிக்கிழமை அவள் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு முழித்தால், அன்றோடு எனக்கு அப்பா உத்தியோகத்திலிருந்து டிஸ்மிஸ்தான்.

மனைவியிடம் கேட்கலாமா என்று ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. அவள் டெய்லர். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின், கத்தரிக்கோல், பிரவுன் பேப்பர், பள்ளிச் சீருடைகள், காலர்கள், ஜன்னல் திரைகள் என்று அவளுக்கு ஒரு தனி ராஜ்யம். கணக்கு ஆண்பிள்ளை சமாசாரம் என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டது உண்டு. அந்த மனசை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். தனிக்கட்டை. எல்லோரும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கொடுத்தாலும் முதலில் கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். கணக்கில் புலி என்று பெயர். அந்தப் பெயரை யார் கொடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை, அதுவும் என் தப்பு. சாயங்காலம் ஐந்து நாற்பது வண்டியை அனுப்பியதும் என் வேலை முடியும். அதற்குப் பிறகு தினம் அரை மணி நேரம் பார்சல் ஆபீசில் எனக்கு ரகசியமாகப் பாடம் எடுப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

வீட்டில் என்ன சொல்வது? அதற்கும் ஒரு வழி செய்தேன். "அஞ்சு நாப்பது வண்டி அரை மணி லேட்டு. அனுப்பிட்டுத்தான் வரமுடிஞ்சுது" என்றேன். வண்டி நேரத்தைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? மனைவி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே "அப்படியா" என்றாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

முதல் நாள் கணக்கைக் கொடுத்தேன். தராசு தாளைக் கையில் தூக்கிப் பார்த்தார். "கனமான கணக்கு. ஊறப்போடணும். நாளைக்குச் சொல்றேன்" என்றார். மறுநாள் சொன்னார்.

"ஒரு போர்வைய ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையா பிடிச்சு மடிக்கிறோம்னு வைங்க. இவரு ரெண்டடி வர்றாரு, அவரு மூணடி வர்றாரு. நடுவுல எவ்வளவு குறையும்?"

"அஞ்சடி."

"அவ்வளவுதான். அறுபதும் தொண்ணூறும் நூத்தம்பது. முந்நூறு தீர ரெண்டு மணி நேரம்."

நான் அசந்துபோனேன். எவ்வளவு பெரிய சிடுக்கு, ஒரு போர்வையில் அவிழ்ந்துவிட்டதே. இந்த ஒற்றை ஆள் யாரோடு போர்வை மடித்தார் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அன்றைக்கு வீட்டில் என் ஆட்சி. போர்வையை எடுத்து ஒரு முனையை மகளிடம் கொடுத்து நடக்கவிட்டேன். மகள் வாயைப் பிளந்தாள். மனைவிகூட மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தினம் ஒரு கணக்கு, தினம் ஒரு வெற்றி. முன்னே போகிற வண்டியைப் பின்னே வருகிற வண்டி பிடிக்கிற கணக்கு, நடுவழியில் நின்று போகிற கணக்கு, எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. எங்கேயாவது நான் தடுமாறினால் மனைவி ஒன்றும் அறியாதவள் போல ஏதாவது கேட்பாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலைங்க. பாலத்தத் தாண்டணும்னா இன்ஜின் தாண்டினாப் போதுமா, கடைசிப் பெட்டியும் தாண்டணுமா?"

நான் பெருந்தன்மையாகச் சிரிப்பேன். "அதைத்தான் சொல்ல வந்தேன். பாலத்தோட நீளத்தோட வண்டியோட நீளத்தையும் சேர்க்கணும். உனக்கெல்லாம் இது கொஞ்சம் கஷ்டம்தான்" என்பேன். அவளும் தலையாட்டிக்கொள்வாள். அப்படிச் சொன்ன வாயில் நானே ஊசியால் தையல் போட்டுக்கொள்ளலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இடையே ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. நான் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தராசு தினமும் எங்கள் வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பேன்ட். இடுப்பு பிடிக்கிறதாம், அரை அங்குலம் விட்டுத் தைக்க வேண்டுமாம். ஏழு நாளில் ஏழு அரை அங்குலம். மனிதர் இப்படி ஊதுகிறாரே என்று எனக்குக் கவலைகூட வந்தது.

வியாழக்கிழமை. பத்தாவது கணக்கு. இருப்பதிலேயே பெரிய கணக்கு அதுதான். மேடையில் நிற்கிற ஒரு ஆளை ஒரு வண்டி பதினைந்து விநாடியில் கடக்கிறது. அதே வேகத்தில் இருநூறு மீட்டர் நீள மேடையை இருபத்தைந்து விநாடியில் கடக்கிறது. வண்டியின் நீளம் என்ன, வேகம் என்ன? ஒன்றுமே கொடுக்காமல் இரண்டைக் கேட்கிறான். இதைத் தராசாலும் தூக்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குப் பார்சல் ஆபீசில் மலைபோலச் சரக்கு. அவசரத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை உருவி என் கையில் திணித்துவிட்டு எடை போடப் போய்விட்டார். பிரித்தேன். பிரவுன் பேப்பர். ஓரம் வளைவாக வெட்டியிருந்தது. சட்டைக் காலரின் வடிவம். மேலே ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகளில் பென்சிலால் நாலு வரி. எனக்கு மிகவும் பழக்கமான கையெழுத்து. தினம் என் சாப்பாட்டுக் கூடையில் 'டப்பாவைக் கழுவிக் கொண்டுவரவும்' என்று எழுதி வைக்கிற அதே கையெழுத்து.

'நிற்கிற ஆளுக்கு நீளம் இல்லை. அவரைக் கடக்கப் பதினைந்து விநாடி என்றால் அது வண்டி தன் நீளத்தை மட்டும் ஓடின நேரம். மேடையைக் கடக்கப் பத்து விநாடி கூட ஆகிறது. அந்தப் பத்தும் மேடைக்காக. இருநூறு மீட்டருக்குப் பத்து விநாடி, விநாடிக்கு இருபது மீட்டர். நீளம் முந்நூறு மீட்டர். மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர்.'

அவ்வளவுதான். நான் அப்படியே மேடைக்கு வந்தேன். நிற்காமல் போகிற ஒரு சரக்கு வண்டி வந்துகொண்டிருந்தது. மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். இன்ஜின் எனக்கு நேரே வந்ததும் எண்ண ஆரம்பித்தேன். பெட்டி பெட்டியாக என் முன்னால் ஓடியது. கடைசிப் பெட்டி தாண்டும்போது, அந்த முழு வண்டியும் என் ஒருவன் முன்னால் தன்னை அளந்து காட்டிவிட்டுப் போவதுபோல இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பன்னிரண்டு வருடமாக இதே மேடை, இதே வண்டிகள். ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னேன், ஒன்றையும் நான் பார்த்ததில்லை. முன்னறையில் குனிந்து காலர் வெட்டுகிறவள் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போய் அந்தத் தாளைத் தையல் மெஷின் மேல் வைத்தேன். மகள் இன்னும் விளையாடிவிட்டு வரவில்லை.

"இது என்ன?"

"காலர் வெட்டின பேப்பர். பெரிய சைஸ்."

"மேல எழுதியிருக்கிறது?"

"ரயில் கணக்கு" என்றாள். மெஷினை நிறுத்தவில்லை.

"எத்தனை நாளா இது?"

"மொத நாள்லேர்ந்து. வண்டி லேட்டுன்னு சொன்னீங்க. அஞ்சு நாப்பது வண்டி சரியான நேரத்துக்கு வருதுன்னு அன்னைக்கு ஜன்னல் வழியாக் கேட்டுச்சு. உங்க குரல்தான். வீட்டுல பேசுறவர நம்புறதா, மைக்குல பேசுறவர நம்புறதான்னு யோசிச்சேன். மைக்குல பேசுறவர் பொய் சொல்லமாட்டார்."

என் குரல் வீடு வரைக்கும் கேட்கும் என்பது பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நான் மைக்கில் பேசுகிற நேரத்தில் ஒருநாளும் நான் வீட்டில் இருந்ததில்லையே. விடுமுறை நாளில் வேறொருவர் பேசுவது காதில் விழுந்தாலும் அதை நான் கவனித்ததில்லை. மைக்கில் நான் தும்மினால் வீட்டில் வெந்நீர் தயாராக இருப்பதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

அவள் நிதானமாகச் சொன்னாள். நிலையத்திலிருந்து வீடு அறுநூறு மீட்டர். எட்டு நிமிஷ நடை. அன்றைக்கு முப்பத்தெட்டு நிமிஷம் ஆனது. அப்படியென்றால் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம்கூட இல்லை, கைக்குழந்தை தவழ்ந்தாலே அதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். ஆகவே நான் எங்கேயோ அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். மறுநாள் காலையில் தராசு ஒரு பேன்டோடு வந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். அவர் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டார். தனக்கு எடைக் கணக்கு தவிர வேறு கணக்கு வராது என்பது உட்பட.

"உனக்கு எப்படி இதெல்லாம் வரும்?"

"தெனம் அளந்து வெட்டுறேன். தப்பா வெட்டின துணி திரும்ப ஒட்டாது."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்கப்பாவுக்குத் தெரியும்னு நம்ம பொண்ணு வகுப்புல சொல்லிட்டு வந்திருக்கா. அது பொய்யாப் போகக்கூடாதுல்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மேல் எனக்கு மரியாதை உண்டு, பயமும் உண்டு. அன்றைக்கு வந்தது இரண்டும் இல்லை. பெரிய மலையின் அடியில் நின்று தலையை அண்ணாந்து பார்ப்போமே, அந்த மாதிரி நின்றேன். இருந்தாலும் புத்தி போகுமா? "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று கெஞ்சினேன். "என் வாய்லேர்ந்து வராது" என்று வாக்குக் கொடுத்தாள். அன்றைய பாடத்தை நானே நடத்தினேன். சரக்கு வண்டியைச் சொல்லித்தான் நடத்தினேன். தாளைப் பார்க்காமல் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். மகளும் புரிந்ததுபோலப் பளிச்சென்று தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். பத்தும் சரி. வகுப்பே கைதட்டியதாம். டீச்சர் ஆச்சரியப்பட்டு, எல்லாம் அப்பாவா சொல்லித்தந்தார் என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?" என்று மார்பை நிமிர்த்தினேன்.

"அப்பாவுக்கு எல்லாக் கணக்கும் தெரியும் டீச்சர், ஏன்னா எங்கம்மா அவருக்குத் தெரியாம அவருக்குச் சொல்லித்தராங்கன்னேன்."

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் விரித்தாள். வாக்கை அவள் மீறவில்லை. பிரவுன் பேப்பரில் இத்தனை நாளும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்ததே தான்தான் என்று மகள் பெருமையாகச் சொன்னாள். அப்பா பாடம் நடத்தும்போது தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அம்மாவின் உத்தரவாம். மகளின் நோட்டிலிருந்து ஒரு கடிதம் எட்டிப் பார்த்தது. சனிக்கிழமை காலைகளில் வந்து வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரயில் கணக்கு சொல்லித்தர முடியுமா என்று டீச்சர் கேட்டிருந்தார். என்னை அல்ல.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மனைவி கையில் ஒரு போர்வையோடு பள்ளிக்கூடம் போகிறாள். அவள் விட்டுப்போகிற சீருடைச் சட்டைகளுக்கு முன்னறையில் உட்கார்ந்து நான் பட்டன் தைக்கிறேன். என் வேகம் மணிக்கு ஆறு பட்டன். அதையும் அவள்தான் கணக்குப் போட்டுச் சொன்னாள்.