பஸ்காலை விடமாட்டன்

கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களிடம் வயதைக் கேட்கலாம், சம்பளத்தைக்கூடக் கேட்கலாம். எந்த மொழியில் எழுதுகிறாய் என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் சண்டை வரும். எனக்கு அது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டரைக் கண்ணால் கண்டவர்களே குறைவு. (நான் தொட்டும் பார்த்துவிட்டதால் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.) குருநகரில் ஒரு வகுப்புக்குப் போய் முதலில் ‘பேசிக்’ என்ற மொழியும், பிறகு ‘பஸ்கால்’ என்ற மொழியும் படித்தேன். ‘கோபோல்’ என்ற மூன்றாவது மொழி மிச்சம் இருந்தது. மருதனார்மடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கும் கொழும்பில் அதே தொழில். பெரியவர்கள் விறாந்தையில் இருக்க, எங்களை உள்ளே கதைக்க விட்டார்கள்.

பேசிக் ஒன்றே போதும், பஸ்கால் வீண் கெடுபிடி என்றார் அவர். எனக்கு வெட்கம் பறந்துவிட்டது. குரலும் உயர்ந்துவிட்டது.

“பஸ்காலைக் கண்ட பிறகுதான் ஒழுங்கு எண்டா என்னெண்டு எனக்கு விளங்கினது. கலியாணம் முடிஞ்சாலும் நான் பஸ்காலை விடமாட்டன்.”

அது விறாந்தை வரைக்கும் கேட்டுவிட்டது. நாங்கள் சைவ ஆட்கள். பஸ்கால் என்பதோ குருநகர்க் கத்தோலிக்கர் ஆண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். மாப்பிள்ளையின் தாய் கதவடிக்கு வந்தார். முகத்தில் இரத்தமில்லை.

“பஸ்கால்... குருநகரோ பிள்ளை?”

வகுப்பைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். (படிப்பில் அக்கறையுள்ள மாமியார் என்று உள்ளூர மகிழ்ந்தும் போனேன்.)

“ஓம் மாமி, குருநகரிலைதான்.”

“வீட்டிலை தெரியுமோ?”

“அப்பாதான் சைக்கிளிலை கொண்டுபோய் விடுறவர்.”

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். பாவம், அவரும் பெருமையாகத் தலையாட்டினார். மாமிக்கு இன்னும் விளங்கவில்லை போலும் என்று நான் விரிவாகச் சொன்னேன்.

“ஒண்டோடை மட்டும் நிக்கக்கூடாது மாமி. ரெண்டு மூண்டைப் பழகிப் பார்த்தாத்தான் எது எதுக்கு நல்லதெண்டு தெரியும். அடுத்தது கோபோல்.”

அவர் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே தரையில் இருந்துவிட்டார். அது ஆள் இல்லை, மொழி என்று மாப்பிள்ளை விளக்க முயன்றார். சிரிப்பில் பாதிச் சொல் வெளியே வரவில்லை. அப்போதுதான் நான் சொன்னதெல்லாம் எனக்கே உறைத்தது. தேத்தண்ணீர் ஆறியது, வந்தவர்கள் தொடாமலே போனார்கள்.

கட்டினால் என்னைத்தான் கட்டுவேன் என்று மாப்பிள்ளை பிடிவாதமாக நின்றார். கலியாணம் நடந்தது. என்னோடு சரியாகச் சண்டை பிடிக்கவென்றே அவர் பஸ்கால் படித்தார். படித்தபின் சண்டை பாதியாகக் குறைந்தது. (இரண்டும் தெரிந்தவருக்குக் கோபம் வருவது கடினம்.)

மாமி மட்டும் அந்த மொழிக் கதையை இன்றுவரை நம்பவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி மெல்லச் சொல்வார்:

“நல்ல பிள்ளை. பழசு ஒண்டையும் மறைக்கேல்லை.”