பதினான்கு பாகை சாய்ந்த கல்

மாத்தளை, செவ்வாய்க்கிழமை.
செய்தி வந்து சேர்ந்த நேரம்: காலை 9.43.

மதிப்புக்குரிய ஒஸ்வல்ட் மாமா அவர்களுக்கு,

ஆண்டவர் அருளால் உங்கள் முழங்கால் வலி இறங்கி, அத்தை நேரத்துக்குச் சாப்பிட்டு, றத்தோட்டை வீட்டுக்கூரை இந்த மழைக்கு ஒழுகாமல் இருக்க வேண்டுகிறேன். நானும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். நேரத்தை மேலே குறித்ததற்குக் கோபிக்க வேண்டாம். போன வருடம் உங்கள் மகள் பிரின்ஸியைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது மாலை 4.10க்கு. அதிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும், கரண்ட் வெட்டு என்றாலும்கூட, கை தானாக மணியை எழுதிவிடுகிறது.

காலையில் நீங்கள் போனில் கத்தியதில் பாதிதான் விளங்கியது. ஆகவே நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். கல்லறைக் கல்லுக்குப் பிரின்ஸியின் பெயரை "நல்ல எழுத்தில" அடித்து, கல் செதுக்கும் சிவலிங்கம் அண்ணனுக்கு அனுப்பச் சொன்னீர்கள். என்னிடம் உள்ள நல்ல எழுத்து ஒன்றுதான், நானே கொம்பியூட்டரில் வரைந்த எழுத்துரு. தடித்த எழுத்து, எல்லாக் கோடும் ஒரே பருமன், முழுக்க வலப்பக்கம் சாய்ந்தது. தூரத்தில் இருந்து படிப்பதற்காகச் செய்தது. வில்கமுவ போகும் பதுர்தீன் நானாவின் பஸ்ஸில் இருக்கிறது, கலேவெல மரக்கறி லொறிகளில் இருக்கிறது, கால்பந்து பையன்களின் முதுகில் இருக்கிறது. இரண்டு மூன்று சொல்லுக்கு அழகு, அதற்கு மேல் எழுதினால் ஊரையே கூப்பிட்டு ஏசுகிற மாதிரி இருக்கும். பெயர் ஒரு சொல்தானே என்று நினைத்து அனுப்பிவிட்டேன். நினைத்தேனா என்றும் தெரியவில்லை, மாமா. இந்த வருடம் முழுக்க நான் எதையும் நினைத்துச் செய்யவில்லை.

சிவலிங்கம் அண்ணன் அச்சு மாறாமல்தான் செதுக்கியிருக்கிறார். நடும்போதுதான் மனம் பொறுக்கவில்லை. நாற்பது வருடமாக நேர் எழுத்துச் செதுக்கிய மனுசன். மட்டம் பார்க்கும் லெவலை எடுத்து 'ரி'யின் காலில் வைத்திருக்கிறார், குமிழி நடுவுக்கு வரவில்லை. வரும்வரைக்கும் கல்லை இடப்பக்கம் சரித்திருக்கிறார். 9.43க்கு என்னிடம் சொன்னது இதுதான்: "தம்பி, எழுத்துக் கொஞ்சம் சாஞ்சிருந்திச்சு. நீங்க இருக்கிற நெலமையில கவனிச்சிருக்க மாட்டீங்க. நான் நேராக்கிட்டேன். சீமெந்தும் காஞ்சிருச்சு."

நான் ஓடிப்போய்ப் பார்க்கிறதுக்குள்ள, பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்த நோனா அக்கா, கல் சரிந்து நிக்கிறதைக் கண்டு மண்சரிவு என்று கிராம சேவகருக்குச் சொல்லியாச்சு, உங்களுக்குப் போட்டோவும் அனுப்பியாச்சு. கிராம சேவகர் வந்து நாலு கம்பு நட்டு, சிவப்பு வெள்ளை நாடா கட்டி, "இன்னும் சாயுதா?" என்று என்னைக் கேக்கிறார். இல்ல சார், பதினாலு பாகையோட நிக்கும் என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். அதுக்கு நான் என்ன சொல்ல?

உங்களுக்குச் சொல்லலாம். கல்யாணமான புதுசுல ரிவர்ஸ்டன் மலைக்குப் போனோம். காத்து ஆளைத் தூக்குது. உங்க மகள் தொப்பி பறந்தும் நிக்காம, காத்துக்கு எதிரா முன்னால சாய்ஞ்சு ஏறினா, சிரிச்சுக்கிட்டே. நான் எடுத்த போட்டோவ வீட்டுல கொம்பியூட்டர்ல போட்டு, அவ சாய்ஞ்ச கோணத்தை அளந்தேன். பதினாலு. "ஆளைப் பார்க்காம அளவு பார்க்கிற ஒரே புருசன் நீங்கதான்"னு ஏசினா. அந்தச் சாய்வுலதான் எழுத்து முழுக்க வரைஞ்சேன். நேர் எழுத்தைச் சும்மா சாய்ச்சுவிட்டா வட்டமெல்லாம் நசுங்கின முட்டை மாதிரி ஆகும், அதால ஒவ்வொண்ணாத் திருப்பி வரைஞ்சேன். 'ன்'னோட புள்ளிய மட்டும் நகர்த்த மறந்துட்டேன். அது பின்னுக்கே நின்னிச்சு. அவதான் பார்த்துட்டு, "என் தொப்பி அங்க கிடக்குது, எடுத்துப் போடுங்க"ன்னா. எடுத்துப் போட்டேன்.

இப்ப நாடாவுக்கு வெளிய ஒரு மணித்தியாலம் நின்னேன், மாமா. மழை மூட்டம் இறங்கி, கல்லோட ஓரம் மறைஞ்சு, பெயர் மட்டும் தெரிஞ்சிச்சு. பஸ்ஸை ரோட்டுல நிப்பாட்டிட்டு வந்த பதுர்தீன் நானா தலையச் சரிச்சுப் பெயரைப் படிச்சார். அப்புறம், "எங்க பஸ்ஸில ஓடுற எழுத்து தம்பி, இங்க மலை ஏறுது"ன்னார்.

அது கிடக்கட்டும். நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பெற்ற மகளின் கல்லில் பஸ் எழுத்து என்றால் யாருக்கும் வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பூசைக்கு முன்னால் கல்லும் நேராக, எழுத்தும் நேராக நிற்காவிட்டால் வரமாட்டேன் என்றீர்கள். நேர் எழுத்தில் பெயரை இன்றே சிவலிங்கம் அண்ணனுக்கு அனுப்புகிறேன், சனிக்கிழமை புதுக்கல் நிற்கும். இது சத்தியம். அத்தைக்கு என் அன்பு. உங்கள் இருவரையும் ஆண்டவர் கைபிடித்து நடத்தட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
ஷியாம்

பின்குறிப்பு: நேர் எழுத்தில் பெயரை அடித்துப் பார்த்தேன், மாமா. நிமிர்ந்து நிக்குது, யாரோ ஒரு டீச்சர் மாதிரி. அவ இல்ல. அழிச்சிட்டேன். கல்லைத் தொடவேண்டாம்னு சிவலிங்கம் அண்ணனுக்கும் சொல்லிட்டேன். நீங்க வராட்டியும் பரவாயில்லைன்னு எழுத மாட்டேன். வாங்க. வந்து கல்லோட இடப்பக்கம், பள்ளமான மூலையில நின்னு மேல பாருங்க. அவ முன்னால போறது தெரியும். பதுர்தீன் நானா பஸ்லதான் இந்தக் கடிதம் வருது. ஏசுறதா இருந்தா ஞாயித்துக்கிழமை நேர்ல ஏசுங்க. போனை நிப்பாட்டிட்டேன்.