அசையாத காரும் அசைந்தே தீர வேண்டிய நானும்

அன்பும் அறிவும் கணினி ஞானமும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் கார் மட்டும் நலமாக இல்லையாம். நான் சொல்லவில்லை, எங்கள் வாசலில் நீங்கள் நட்டு வைத்துவிட்டுப் போன இயந்திரம் சொல்கிறது. போனில் பேசியிருக்கலாம். பேசினால் எனக்கு வார்த்தை தடித்துவிடும், உடனே என் மகள் போனை வாங்கி, "அப்பா, அவர் மீட்டிங்ல இருக்கார்ப்பா" என்று வைத்துவிடுவாள். கடிதத்தை யாரும் நடுவில் வைக்க முடியாது. கடைசி வரை படித்தாக வேண்டும்.

உங்கள் கம்பெனி அடுக்குமாடிகளுக்கு வண்டி நிறுத்தும் மென்பொருள் செய்கிறது என்று தெரிந்ததும், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவன் நான்தான். வாசலில் கேமரா இருக்கும், அது நம்பர் பிளேட்டைப் படிக்கும், நம் வண்டி என்றால் தடுப்புக் கட்டை தானாகத் தூக்கிக்கொள்ளும், வேற்று வண்டி என்றால் அசையாது, எந்த இடம் யாருடையது, எது காலி என்பதெல்லாம் அதற்கே அத்துப்படி, இனிமேல் என் இடத்தில் நீ ஏன் நிறுத்தினாய் என்று மாடிப்படியில் சண்டை கிடையாது என்றெல்லாம் முழங்கினேன். இதைச் செய்வது என் மாப்பிள்ளை என்பதை நான் ஒரு முறைதான் சொன்னேன். உங்கள் அத்தை நாலு முறை என்கிறாள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் இன்று என் கழுத்தைப் பிடிக்கிறது. வேறு எவன் செய்த இயந்திரமாக இருந்தாலும் நேரே போய்ச் சங்கத் தலைவரை ஒரு பிடி பிடித்திருப்பேன். இப்போது எந்த முகத்தோடு போவது? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் கார் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வாங்கிய நாளிலிருந்து ஒரு கீறல் கிடையாது. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? காலையில் உறையைக் கழற்றுவேன், துடைப்பேன், மெழுகு போட்டு மெருகேற்றுவேன், இஞ்சினை ஓடவிட்டு அதன் சத்தத்தைக் கேட்பேன், அணைப்பேன், மறுபடியும் உறையை மாட்டுவேன். வெளியே எடுப்பதில்லை. எடுத்தால்தானே எவனாவது வந்து உரசுவான். கார் நிற்கிற இடமும் சாதாரண இடமில்லை, லிஃப்டுக்கு நேர் எதிரே. அந்த இடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டும் நான் மசியவில்லை. காரணம் உங்கள் அத்தையின் முழங்கால். அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். கடைக்குப் போக விடுவதில்லை, எல்லாம் வீட்டுக்கே வருகிறது. ஏதாவது அவசரம் என்றால் கதவைத் திறந்தால் லிஃப்ட், லிஃப்டைத் திறந்தால் கார். அந்த இடம் போய்விட்டால் அவள் கட்டடத்தின் பின்பக்கம் வரை நடக்க வேண்டும். நடக்க முடியுமா அவளால்? இதுதான் மாப்பிள்ளை, என் வயிற்றெரிச்சலின் மூலகாரணம். மற்றதெல்லாம் அப்புறம்.

இயந்திரம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "உங்கள் வாகனம் மூன்று நாட்களாக வாயிலைக் கடக்கவில்லை. இது கைவிடப்பட்ட வாகனமாகக் கருதப்பட்டு, உங்கள் இடம் பொது இடமாக மாற்றப்படும்." நான் அப்போது எங்கே இருந்தேன் தெரியுமா? அந்தக் கைவிடப்பட்ட வாகனத்தின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய பல் பிரஷால் அதன் இடுக்கில் இருந்த தூசியை எடுத்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையைக்கூட எவனும் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. உடனே உங்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைக்கழித்துவிட்டுக் கடைசியில் ஒரு பெண் வந்தாள். விஷயத்தை விளக்கினேன். அவள் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாள், "சார், வண்டி கேட்டைத் தாண்டி வெளிய போனாத்தான் சிஸ்டத்துக்கு அது உயிரோட இருக்குன்னு தெரியும்." நான்கூடத்தான், அம்மா, வீட்டை விட்டு வெளியே போவதில்லை, என்னை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். மூன்றாம் மாடி பல் டாக்டர் குடும்பத்தோடு வெளிநாடு போய் வாரக்கணக்காகிறது, அவர் கார் மேல் பறவை எச்சமே உறை மாதிரி படிந்து கிடக்கிறது, அவருக்கு மட்டும் ஏன் இந்தச் செய்தி வரவில்லை என்று கேட்டதற்கு, "அது மேலிடத்துல வச்ச செட்டிங் சார், எங்களால தொட முடியாது" என்றாள். அந்த மேலிடம் நீங்கள்தானே? ஆள் பார்த்தா, மாப்பிள்ளை, வேலை செய்கிறது உங்கள் இயந்திரம்?

நான் அசையவில்லை. காரையும் அசைக்கவில்லை. மறுநாளே வினை வந்தது. கார் உறையோடு நிற்க, பின்னாலேயே ஒரு வேன் வந்து ஒலிப்பானை விடாமல் அடிக்கிறது. யாரோ வீட்டுக்குத் திரைச்சீலை மாட்ட வந்தவர். தன் போனை நீட்டி என்னிடம் காட்டுகிறார், என் இடத்தின் எண் அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. "எனக்கு இந்த இடம்தாங்க குடுத்திருக்கு, கொஞ்சம் வண்டியை எடுக்கிறீங்களா?" என்று என்னையே கேட்கிறார். டிக்கெட் இல்லாமல் என் முன்னால் உட்கார்ந்தவர்களை ஆயுள் முழுக்க எழுப்பிவிட்டவன் நான், என்னை ஒரு ஆள் என் இடத்திலிருந்து எழுப்புகிறார். உறையைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டேன். எடுக்க மாட்டேன் என்று கண்ணாடி வழியாகச் சைகை காட்டினேன். அவர் போகவில்லை, நானும் இறங்கவில்லை. பொழுது போய்க்கொண்டே இருந்தது. உங்கள் அத்தைதான் பாவம், அந்த முழங்காலோடு லிஃப்டில் இறங்கி வந்து, கண்ணாடி இடுக்கில் எனக்கு ஒரு டம்ளர் டீயை நீட்டிவிட்டு, அந்தத் திரைச்சீலைக்காரருக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. வலியை மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே டீயைக் குடித்தேன்.

சரி, ஒழிந்து போகட்டும், ஒரு தடவை வெளியே காட்டிவிட்டு வருவோம் என்று மறுநாள் காலை பனியனோடு காரை எடுத்தேன். கட்டை மரியாதையாகத் தூக்கிக்கொண்டது. வெளியே போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன். கட்டை தூக்கவில்லை. திரையில் "எண் தெளிவாக இல்லை" என்று வருகிறது. எப்படித் தெளிவாக இருக்கும்? காரின் உடம்பைப் போலவே முன் நம்பர் பிளேட்டையும் மெழுகு போட்டுக் கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருக்கிறேன், காலை வெயில் அதில் பட்டுக் கேமராவின் கண்ணிலேயே அடிக்கிறது. சுத்தமாக இருந்தது என் குற்றம். உதவி எண்ணைக் கூப்பிடலாம் என்றால் போன் வீட்டில். காவலாளியோ, "என் கையில ஒண்ணும் இல்லைங்க ஐயா, எல்லாம் அதுதான்" என்று கேமராவைக் காட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடைப்பயிற்சிக்காரர்கள், சங்கத் தலைவர் எல்லோரும் பார்க்க, என் வாசலில் பனியனோடு பிச்சைக்காரன் மாதிரி நின்றேன். அப்போது ஒரு தண்ணீர் லாரி குழியில் இறங்கி ஏறியது. சேறு முழுவதும் என் கார் மேல், என் பனியன் மேல், என் வாயிலும் கொஞ்சம். பிளேட்டின் பளபளப்பு அடங்கிய அடுத்த நொடி திரையில் "வருக" என்று வந்து கட்டை தூக்கிக்கொண்டது. சங்கத் தலைவர், "உங்க மாப்பிள்ளை சிஸ்டம் நல்லா வேலை செய்யுதே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இவ்வளவு பட்டும் அது பயணமாகக் கணக்கில் சேரவில்லை. வெளியே ஒரு மணி நேரமாவது இருந்துவிட்டு வந்தால்தான் சேருமாம். இதையும் செய்திதான் சொன்னது. தனியாகப் போய் மறுபடியும் வாசலில் மாட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை என்பதால் போனைப் பிடித்துக்கொள்ள உங்கள் அத்தையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரம் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தால் போலீஸ் பிடிக்கும், எங்கேயாவது நிறுத்தித்தானே ஆக வேண்டும்? ஏரிக்கரை என்றாள், போனோம். அடுத்த முறை அவள் அக்கா வீடு என்றாள், அந்த வீட்டில் நான் காலடி வைத்து எத்தனை காலமாயிற்று, போனோம். நேற்றைக்கு மறுபடி ஏரிக்கரை. இறங்கி நிற்கலாம் என்றவள், கொஞ்சம் நடக்கலாம் என்றாள், அப்புறம் அந்த வளைவு வரைக்கும் என்றாள். முழங்கால் என்ன ஆகும் என்று பதறிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். திரும்பி வந்து பார்த்தால், எவனோ சைக்கிள்காரன் இடது கதவில் கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறான். முதல் கீறல், மாப்பிள்ளை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கள் அத்தை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே, "போனாப் போகுது, கார்தானே" என்கிறாள். அவளுக்கும் உங்கள் இயந்திரத்துக்கும் என்ன வித்தியாசம்? இன்னொரு கொடுமையும் கேளுங்கள், செய்தி வருவதற்கு முன்பே இப்போதெல்லாம் தலை வாரி, வெளியே போகிற புடவையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். அவ்வளவு பயந்து போயிருக்கிறாள்.

இனி பூசி மெழுகிப் பிரயோசனமில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அதற்குள் என் காரின் மேலிருந்து அந்த விதியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால், மாப்பிள்ளை செய்தது என்றும் பார்க்காமல் அந்தக் கேமராவைக் கழற்றி எறிய நானே தீர்மானம் கொண்டுவருவேன். கை தட்டின அதே ஆட்கள் முன்னால் கொண்டுவருவேன். உங்கள் கம்பெனிக்கு அதனால் வருகிற பெயருக்கு நான் பொறுப்பில்லை. ஒரு கிழவன் தன் மனைவியின் முழங்காலுக்காகக் கேட்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு என் அன்பு. நீங்கள் எல்லா வளமும் பெற்று, இது மாதிரி இன்னொரு இயந்திரம் செய்யாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதுறேன். கடித உறையை ஒட்டித் தரச் சொல்லி உங்க மாமா என்கிட்ட குடுத்தார், அதனால இது அவருக்குத் தெரியாது. நான் கேட்டேன்னு நம்ம காருக்கு மட்டும் அந்த விதியை வச்சுக் குடுத்தீங்களே, நல்லா இருக்கணும் நீங்க. ஒரு மணி நேரம்னு வச்சது உங்க யோசனை, அது என் யோசனையை விட நல்ல யோசனை. திரைச்சீலைக்காரரை அனுப்பினதுதான் கொஞ்சம் அதிகம். டாக்டர் என்னை தினமும் நடக்கச் சொல்லித்தான் அனுப்பினார். உங்க மாமா கேட்கலை. காருக்கு உறை போட்ட மாதிரி எனக்கும் போட்டு, லிஃப்டுக்குப் பக்கத்துலயே நிறுத்தி வச்சிருந்தார். அவர் மேல தப்பில்லை, அவருக்கு அன்பு அப்படித்தான் வரும். நேத்து ஏரிக்கரையில அந்த வளைவு வரைக்கும் நடந்துட்டுத் திரும்பினோம், காருக்கு வந்த பிறகும் அவர் என் கையை விடலை. கீறலைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் விட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, அன்னைக்கு அவருக்குக் கூட்டத்துக்குப் போக நேரம் இருக்காது. இந்தக் கடிதத்தை நானே தெருமுனை வரைக்கும் நடந்து போய்ப் பெட்டியில போடப் போறேன். ஒரே ஒரு உதவி, அந்த மூணு நாளை ரெண்டு நாளா மாத்திடுங்க.